ஓட்டைக் கணக்கிடுவதும் வாக்காளரைப் பிரிப்பதும்: லாஜிஸ்டிக் தொடர்புப்போக்கு வந்த வழி

தேர்தல் தேதி அறிவித்ததும் மதுரை வட்டாரத்து விளாங்குடி, பரவை, கூடல் நகர் தெருக்களில் வாக்காளர் பட்டியலின் பாகங்கள் கட்சிக்காரர் கைக்கு வந்துவிடுகின்றன. பூத் கமிட்டிக்காரர் பேனாவோடு உட்கார்ந்து, வீட்டு எண் வாரியாக "நம்ம ஓட்டு", "அவங்க ஓட்டு", "இழுபறி" என்று குறித்துக்கொண்டே போகிறார். பட்டியலில் அச்சாகியிருப்பது பெயர், தந்தை அல்லது கணவர் பெயர், வயது, பாலினம், வீட்டு எண் என்ற அளவுதான். யார் எந்தச் சாதி, யார் வீட்டுச் சுவரில் எந்தத் தலைவர் படம், யார் போன தடவை யாரோடு சுற்றினார் என்பதையெல்லாம் அவர் தன் தெருவறிவால் நிரப்பிக்கொள்கிறார். புள்ளியியல் இதே வேலையை லாஜிஸ்டிக் தொடர்புப்போக்கு என்ற முறையால் செய்ய முயல்கிறது. வாக்காளரின் வயது, கல்வி, தொழில், சாதி, அரசைப் பற்றிய அபிப்பிராயம் ஆகியவற்றை உள்ளே கொடுத்தால், அவர் குறிப்பிட்ட கட்சிக்கு ஓட்டளிப்பதற்கான நிகழ்தகவு வெளியே வருகிறது. பார்வைக்கு இரண்டும் ஒரே வேலை. உண்மையில் அப்படி இல்லை. பூத் கமிட்டிக்காரர் ஆளைப் பெட்டியில் போடுகிறார். லாஜிஸ்டிக் முறை 0-க்கும் 1-க்கும் இடையே ஓர் எண்ணைச் சொல்லிவிட்டு நின்றுவிடுகிறது. அந்த எண்ணை 0.5-இல் வெட்டி, ஆளை இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ தள்ளுவது அதற்குப் பின் நாம் செய்கிற காரியம். இந்த முறை உருவான 190 ஆண்டுகால வழியைப் பின்தொடர்ந்தால், நிகழ்தகவாக நின்ற இடங்களில் அது பலன் தந்திருப்பதும், ஆரூடமாகவும் ஆள் பிரிப்பாகவும் மாறிய இடங்களில் சறுக்கியிருப்பதும் தெரியும். இக்கட்டுரை முன்வைக்கும் வாதம் அதுதான்.

லாஜிஸ்டிக் வளைகோடு தேர்தலுக்காகப் பிறந்ததன்று. பெல்ஜிய நாட்டுக் கணித அறிஞர் வெர்ஹுல்ஸ்ட், மக்கள்தொகை வரம்பின்றிப் பெருகும் என்ற மால்தூசியக் கருத்துக்குத் திருத்தமாக 1838-இல் இதை முன்வைத்தார். முதலில் மெதுவாக, நடுவில் வேகமாக, பிறகு ஓர் உச்சவரம்பை நெருங்கிச் சாய்கிற இந்த வளைகோட்டுக்கு 1845-இல் 'லாஜிஸ்டிக்' என்று பெயர் வைத்தவரும் அவர்தான். அவருக்குப் பின் அதைப் பெரும்பாலும் எல்லோரும் மறந்துபோனார்கள். 1920-இல் அமெரிக்காவில் ரேமண்ட் பேர்லும் லோவெல் ரீடும் வெர்ஹுல்ஸ்டை அறியாமலேயே அதே வளைகோட்டைக் கண்டுபிடித்து, அமெரிக்க மக்கள்தொகைக்குப் பொருத்திப் பார்த்தார்கள். கடந்தகாலக் கணக்கெடுப்புகளுக்கு அது அச்சு அசலாகப் பொருந்தியது. அந்தத் துணிச்சலில், அந்நாட்டின் மக்கள்தொகை 19.7 கோடியைத் தாண்டாது என்று சொன்னார்கள். 1967 நவம்பரில் அது 20 கோடியைத் தொட்டது, பிறகும் நிற்கவில்லை. நடந்ததை விவரிக்க உதவிய கோடு, நடக்கப்போவதைச் சொல்லப் போனபோது தோற்றது. இதே கதை பின்னால் கருத்துக்கணிப்புகளிலும் திரும்ப நடந்ததால்தான் இங்கே இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

வளைகோடு நிகழ்தகவின் கருவியாக மாறியது பூச்சிமருந்து, நச்சு ஆகியவற்றின் சோதனைகளில். மருந்தின் அளவைக் கூட்டக் கூட்ட எத்தனை பூச்சி சாகும் என்ற கேள்விக்கு 1934-இல் பிளிஸ் 'புரோபிட்' முறையைத் தந்தார். 1944-இல் மேயோ மருத்துவமனையின் ஜோசப் பெர்க்சன், அந்த இடத்தில் லாஜிஸ்டிக் வளைகோட்டையே வைக்கலாம், கணக்கும் எளிது என்று வாதிட்டு 'லாஜிட்' என்ற பெயரை உண்டாக்கினார். புரோபிட் அணியினர் அதைத் தரக்குறைவாகவே பார்த்தார்கள். 1958-இல் பிரிட்டிஷ் புள்ளியியலாளர் டேவிட் காக்ஸ், ஆம்-இல்லை என்ற இரண்டே விடையுள்ள எந்தத் தரவுக்கும் இதைத் தொடர்புப்போக்காகக் கையாளலாம் என்று முறைப்படுத்திய பிறகு வழக்கு லாஜிட்டின் பக்கம் சாய்ந்தது. இதன் உள்ளடக்கம் எளியது. ஒன்று நடப்பதற்கான நிகழ்தகவை, நடக்காமல் போவதற்கான நிகழ்தகவால் வகுத்தால் வருவது சாதக விகிதம். அதன் மடக்கையை வயது, கல்வி போன்ற மாறிகளின் நேர்கோட்டுக் கூட்டலாக எழுதுகிறோம். சாதாரண நேர்கோட்டுத் தொடர்புப்போக்கை ஓட்டுக்குப் பயன்படுத்தினால் 1.2, கழித்தல் 0.1 என்றெல்லாம் நிகழ்தகவு வந்து நிற்கும். லாஜிட் அந்த அபத்தத்துக்கு இடம் கொடுப்பதில்லை. அதைவிட முக்கியமானது, வளைகோடு நடுவில் செங்குத்தாகவும் ஓரங்களில் படுத்தும் இருப்பதால், ஒரே காரணம் எல்லோரையும் ஒரே அளவில் அசைப்பதில்லை என்பதை அது தன் வடிவத்திலேயே வைத்திருப்பது. கட்சி உறுப்பினர் அட்டையைச் சட்டைப்பையில் வைத்திருப்பவரை ஓர் இலவசத் திட்டம் அசைக்காது. இழுபறியில் நிற்பவரை அசைக்கும். இதைத் தேர்தல் வேலை பார்த்த யாரும் அறிவார்கள்.

இன்னொரு கிளை இருக்கிறது. அது மனிதர்களை வகை பிரிக்கும் ஆசையிலிருந்து வந்தது, அதன் வேர் நம் நாட்டில் ஆழமாக ஓடுகிறது. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிரிட்டிஷ் அதிகாரி ரிஸ்லி வங்காளத்தில் மூக்கின் அகலத்தையும் நீளத்தையும் அளந்து சாதிகளை வரிசைப்படுத்தினார். சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் தென்னிந்தியர்களின் தலையையும் மூக்கையும் அளந்தார். அவருடைய தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பற்றிய ஏழு தொகுதிகள் 1909-இல் வெளிவந்தன. இத்தகைய உடலளவைத் தரவுகளில் உழன்றுதான் புள்ளியியலாளர் மகலனோபிஸ் 1936-இல் தம் பெயரால் இன்றும் வழங்கும் தூர அளவைக் கண்டார். அதே ஆண்டில் புள்ளியியலாளர் ஃபிஷர், ஒன்று எந்தக் குழுவைச் சேர்ந்தது என்று அளவுகளை வைத்துப் பிரிக்கும் பிரித்தறி சார்பை வெளியிட்டார். ஐக்கிய மாகாணத்தில் 1941-இல் எடுத்த சாதிவாரி உடலளவைகளை மகலனோபிஸ், மஜும்தார், சி.ஆர். ராவ் ஆகியோர் பகுத்தாய்ந்து 1949-இல் வெளியிட்டார்கள். கணக்கு என்ற அளவில் இவை உலகத்தரம் வாய்ந்த சாதனைகள். ரிஸ்லியின் கச்சா அளவுகோலைவிட எவ்வளவோ நாணயமானவை. ஆனாலும் கேள்வி மாறவில்லை. இந்த மனிதர் எந்தப் பெட்டி?

அந்தக் கேள்விக்கு அரசு கணக்கே போடாமல் விடை சொன்னால் என்ன ஆகும் என்பதை மதுரைச் சமவெளி அனுபவித்திருக்கிறது. குற்றப் பரம்பரைச் சட்டத்தின்கீழ் பிரமலைக் கள்ளர் சமூகம் மொத்தமும் குற்றவாளிப் பெட்டியில் போடப்பட்டது. ஊர்மக்கள் வழக்கில் அது ரேகைச் சட்டம். கைரேகைப் பதிவை எதிர்த்த உசிலம்பட்டி வட்டாரத்துப் பெருங்காமநல்லூர் மக்கள்மீது 1920 ஏப்ரல் 3-ஆம் நாள் போலீஸ் சுட்டதில் பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். சென்னை மாகாணத்தில் அச்சட்டம் நீங்க 1947 ஆனது. புள்ளியியல் மொழியில் சொன்னால், ஒரு பிரிவில் பிறந்த ஒவ்வொருவருக்கும் நிகழ்தகவு 1 என்று எழுதிய மாதிரி அது. தேர்தல் ஆய்வை அதோடு சமமாக்கவில்லை. பிறப்பை வைத்து ஆளை முழுசாக முடிவுகட்டும் பழக்கம் எங்கிருந்து வருகிறது என்பதைக் காட்டவே இதைச் சொல்கிறேன்.

இரண்டு கிளைகளும் சந்தித்தது 1960-களில், இதயநோய் ஆய்வில். அமெரிக்காவின் ஃபிராமிங்ஹாம் நகர்த் தரவிலிருந்து இரத்த அழுத்தம், கொழுப்பு, வயது, புகைப்பழக்கம் ஆகியவற்றை வைத்து நோய் வரும் நிகழ்தகவைக் கணக்கிட்ட கார்ன்ஃபீல்டும் கூட்டாளிகளும் 1967-இல் லாஜிஸ்டிக் வளைகோட்டைத்தான் கையாண்டார்கள். ஆனால் அதன் கெழுக்களை, அதாவது ஒவ்வொரு மாறிக்கும் உரிய எடைகளை, ஃபிஷர் வழியிலான பிரித்தறி சார்பைக் கொண்டு பெற்றார்கள். அன்றைய கணினிகளுக்கு அது லேசாக இருந்தது. அந்தக் குறுக்குவழி, மாறிகள் எல்லாம் இயல்நிலைப் பரவலில் இருப்பதாக எடுத்துக்கொள்கிறது. படித்தவர்-படிக்காதவர், நிலமுள்ளவர்-இல்லாதவர் என்ற இரட்டை மாறிகளுக்கு அது பொருந்தாது என்பதால், 1970-களில் மீப்பெரு நிகழ்வாய்ப்பு முறையில் நேரடியாகக் கெழுவைக் கணக்கிடுவது வழக்கமானது. 1972-இல் நெல்டரும் வெடர்பர்னும் லாஜிட்டை ஒரு பெரிய குடும்பத்தின் உறுப்பினராகக் காட்டி, அதற்கான கணினி வழியையும் தந்தார்கள். பொருளியலாளர் மக்ஃபாடன் அதைப் பல கட்சி, பல பொருள், பல வண்டிகளுக்கிடையே தேர்வு செய்யும் மனிதரின் முடிவாக மாற்றினார். சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவின் புது ரயிலில் பயணிகளில் 6.3 சதவீதத்தினர் போவார்கள் என்று அவர் குழு மதிப்பிட்டது, அதிகாரிகள் 15 என்றார்கள், வந்தது 6.2. இந்த வெற்றியைக் கூர்ந்து பார்க்க வேண்டும். எந்த ஆள் ரயிலேறுவார் என்று அவர் சொல்லவில்லை. ஒவ்வொருவரின் நிகழ்தகவையும் கூட்டி, மொத்தம் எவ்வளவு என்றுதான் சொன்னார்.

வாக்காளர் ஆய்வு இதற்கெல்லாம் தனியாக வேறு தடத்தில் வந்துகொண்டிருந்தது. மனப்பான்மையை அளக்கலாம் என்று 1928-இல் உளவியலாளர் தர்ஸ்டோனும், ஐந்து படி அளவுகோலோடு 1932-இல் லிக்கர்ட்டும் காட்டினார்கள். ஓஹையோ மாநிலத்தின் ஓர் உள்ளூர் மாவட்டத்தில் 1940 தேர்தலை லாசர்ஸ்ஃபெல்டும் குழுவினரும் ஆராய்ந்து, சமூக நிலையே ஓட்டைத் தீர்மானிக்கிறது என்ற முடிவுக்கு வந்தார்கள். மிச்சிகன் பல்கலைக்கழகத்தார் 1960-இல் கட்சிப் பற்றை நடுவில் வைத்தார்கள். இந்தியாவில் 1963-இல் ரஜனி கோத்தாரி தில்லியில் தொடங்கிய வளரும் சமூகங்கள் ஆய்வு மையம் 1967 பொதுத்தேர்தலில் தேசியத் தேர்தல் ஆய்வை ஆரம்பித்தது. 1971-க்கும் 1980-க்கும் பின் நீண்ட இடைவெளி விட்டு 1996-லிருந்து அது தொடர்ச்சியாக நடக்கிறது. 1997 முதல் அம்மையத்தின் லோக்நீதி பிரிவு அதைப் பார்த்துக்கொள்கிறது. தொடக்க ஆய்வுகள் குறுக்கு அட்டவணைகளில் நின்றன. எந்தச் சாதியில் எத்தனை சதவீதம், எந்த வயதில் எத்தனை சதவீதம் என்பதே விடை. செய்தித்தாள்களில் இன்றும் தேர்தலுக்கு மறுவாரம் நாம் படிப்பது அதைத்தான். அட்டவணையின் குறை என்னவென்றால், சாதியின் எடையையும் கல்வியின் எடையையும் நிலத்தின் எடையையும் அது தனித்தனியே பிரித்துச் சொல்வதில்லை. ஒரு சமூகத்தில் படித்தவர் குறைவு, கூலிக்காரர் அதிகம் என்றால், அட்டவணையில் சாதி என்று தெரிவது கூலியாக இருக்கலாம். லாஜிஸ்டிக் முறையில் மூன்றையும் ஒருசேர வைத்து, மற்றவை சமமாக இருக்கும்போது ஒன்றின் பங்கு என்ன என்று கேட்க முடிகிறது. தமிழ்நாட்டுக்கு இந்த முறை கொடுத்த முதல் வரம் இது.

அந்த வரத்தின் தேவையை மதுரையின் தேர்தல் வரலாறே காட்டிவிடும். 1952-இல் சிறையில் இருந்தபடியே மதுரை வடக்கில் வென்ற பொதுவுடைமைத் தலைவர் பி. ராமமூர்த்தி, தஞ்சை மண்ணின் பிராமணக் குடும்பத்தில் பிறந்தவர். அவரையே 1967-இல் மதுரை நாடாளுமன்றத்துக்கும் அனுப்பியது. 1980-இல் மதுரை மேற்கில் வென்ற எம்.ஜி.ஆர். கண்டியில் பிறந்த மலையாளக் குடும்பத்துப் பிள்ளை. தனி மனிதர்களின் கவர்ச்சி என்று இவற்றை ஒதுக்கலாம். அப்படி ஒதுக்க முடியாத சான்று அதே 1980-இல் இருக்கிறது. ஜனவரியில் நடந்த நாடாளுமன்றத் தேர்தலில் தமிழ்நாட்டின் 39 தொகுதிகளில் அ.தி.மு.க. பெற்றது 2. பிப்ரவரியில் அதன் ஆட்சி கலைக்கப்பட்டது. மே மாதச் சட்டமன்றத் தேர்தலில் 234-இல் 129 இடங்களைத் தனியாகவே பெற்றது. ஐந்து மாதத்தில் யாருடைய சாதியும் மாறவில்லை. வயது, கல்வி, நிலம் எதுவும் மாறவில்லை. மாறாத ஒன்று மாறிய ஒன்றை விளக்க முடியாது. கூட்டணி மாறியது, அதனால்தான் என்று எதிர்வாதம் வரும். ஓரளவு சரி, ஜனவரியில் ஜனதாவோடு இருந்த கட்சி மே மாதம் ஜனதா இல்லாமல் நின்றது. ஆனால் கூட்டணி என்பதே வாக்காளர் முன் வைக்கப்படும் தேர்வுகளின் மாற்றம்தானே. டில்லிக்கு ஒருவர், கோட்டைக்கு ஒருவர் என்று பிரித்துப் பார்த்த மனமும், ஆட்சியைக் கலைத்துவிட்டார்களே என்ற ஆற்றாமையும் மனப்பான்மைகள். அவற்றைப் பிறப்பு விவரங்களோடு சேர்த்து மாதிரியில் நுழைக்காமல் அந்த ஐந்து மாதத்தை விளங்கிக்கொள்ள வழியில்லை.

நிகழ்தகவுக்கும் பெட்டிக்கும் உள்ள தூரத்தை ஒரு கற்பனைக் கணக்கில் பார்க்கலாம். இரண்டே கட்சிகள் மோதும் ஒரு சாவடியில் 1,000 பேர் ஓட்டுப் போடுகிறார்கள். அவர்களில் 600 பேர் ஒரு பிரிவு. அவர்களில் ஒவ்வொருவரும் 'அ' கட்சிக்கு ஓட்டளிக்கும் நிகழ்தகவு 0.55. மீதி 400 பேருக்கு அது 0.40. லாஜிஸ்டிக் கெழு ஏறத்தாழ 0.61 வரும்; அதாவது முதல் பிரிவினரின் சாதக விகிதம் மற்றவர்களைப்போல் 1.83 மடங்கு. ஆய்விதழில் இதைக் குறிப்பிடத்தக்க தாக்கம் என்றே எழுதுவார்கள். இப்போது 0.5-இல் வெட்டினால் 600 பேரும் 'அ' கட்சிப் பெட்டிக்குப் போவார்கள், 400 பேர் எதிர்ப் பெட்டிக்கு. 'அ' கட்சி 60 சதவீதத்தோடு அமோக வெற்றி. நிகழ்தகவுகளைக் கூட்டினாலோ 330-உம் 160-உம் சேர்ந்து 490. 'அ' கட்சி தோற்கிறது. மாதிரி ஒன்று, தரவு ஒன்று, முடிவு மட்டும் நேர்எதிர். பெட்டி பிரித்தவர் ஆள்வாரியாகப் பார்த்தால் 1,000-க்கு 570 பேர் விஷயத்தில் சரியாகவே சொல்லியிருப்பார் என்பதுதான் இதில் வேடிக்கை. பாதிக்கு மேல் சரியாகச் சொன்னவர் தேர்தலைத் தவறவிட்டார். அதே 0.61 கெழு, ஏற்கெனவே 0.90-இல் இருக்கும் ஆளை 0.94-க்குத்தான் கொண்டுபோகும், 0.40-இல் இருப்பவரை 0.55-க்குத் தூக்கிவிடும். 'இந்தச் சாதிக்கு இத்தனை புள்ளி' என்று ஒரே எண்ணை ஒட்டிவிடும் மேடைக் கணக்கு இந்த வேறுபாட்டைக் காண்பதே இல்லை.

களத்தில் இருப்பவர்கள் இதை ஒப்பமாட்டார்கள். சாதிக் கணக்கு தப்பாது, வேட்பாளரைக் கட்சிகள் அதை வைத்துத்தானே நிறுத்துகின்றன என்பார்கள். இரண்டு பெரிய கட்சிகளும் ஒரு தொகுதியில் ஒரே சமூகத்து வேட்பாளரை நிறுத்துவதும் இங்கே நடக்கிறது. அப்போது சாதி யாருக்கு ஓட்டாகிறது என்ற கேள்விக்கு அந்தக் கணக்கில் விடை இல்லை. சாதிக்கு எடை இல்லை என்பதன்று என் வாதம். கெழு என்பதே அந்த எடை. ஆனால் சராசரியில் உள்ள சாய்வை ஆளின் மேல் முத்திரையாகக் குத்தக்கூடாது. 2016 சட்டமன்றத் தேர்தலில் இரு பெரும் அணிகளுக்கும் இடையிலான ஓட்டு வித்தியாசம் மாநில அளவில் ஏறத்தாழ 1 சதவீதம்; ராதாபுரம் தொகுதி 49 ஓட்டில் தீர்மானமானது. வாக்குப்பதிவு முடிந்த மாலையில் வெளியான கணிப்புகளில் பல தி.மு.க. அணிக்கு ஆட்சியைக் கொடுத்தன. ஆட்சி அ.தி.மு.க.விடமே தங்கியது. இவ்வளவு நெருக்கத்தில், ஒவ்வொரு தொகுதியையும் 'இவருக்கு' என்று வெட்டி எண்ணும் முறை சிறு பிழையையும் பெரிதாக்கிக் காட்டும்.

தமிழ்நாட்டில் வகை பிரிப்புக்கு இன்னொரு தடையும் உண்டு. வட மாநிலங்களில் பெயரின் பின்னொட்டை வைத்தே கணினி நிரல் சாதியை ஊகித்துவிடுகிறது. வாக்காளர் பட்டியலைப் போட்டால் சாதிவாரிப் பட்டியல் வெளியே வரும். 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாநாட்டில் சாதிப் பட்டத்தைத் துறப்பது என்று எடுத்த முடிவு, அடுத்த இரண்டு தலைமுறைகளில் பொதுவழக்கமாகிவிட்டது. விளாங்குடிப் பட்டியலில் ஒரு முருகனும் அவர் தந்தை சுப்பிரமணியும் எந்தச் சாதி என்று எந்த நிரலாலும் சொல்ல முடியாது. மதத்தை ஓரளவு ஊகிக்கலாம், அவ்வளவுதான். ஒரு சமூக இயக்கம் தரவு வடிவிலேயே போட்டுவிட்ட பூட்டு என்று இதைச் சொல்வேன். தரவுத் துறை பிறப்பதற்கு முன்பே போட்ட பூட்டு. ஆகவே சாதி என்ற மாறி வேண்டுமென்றால், வீடேறிப் போய், கேட்டு, அவர் சொல்வதை எழுதிக்கொள்வதைத் தவிர ஆய்வாளருக்கு வேறு வழியில்லை.

கேட்டால் உண்மை சொல்வார்களா என்பது இந்த வட்டாரத்தில் கனமான கேள்வி. 2009 ஜனவரி இடைத்தேர்தலுக்குப் பிறகு, ஓட்டுக்குப் பணம் கொடுப்பதைக் குறிக்கும் 'திருமங்கலம் ஃபார்முலா' என்ற தொடர் நாடு முழுக்கப் பரவியது. பணம் வாங்கினீர்களா என்று கேட்டால் வாங்காதவர்கள்தான் ஊரில் அதிகம். தவறான விடைகள் உள்ளே போனால் எந்தத் தொடர்புப்போக்கும் அதைத் திருத்தித் தராது; இந்த ஆட்சேபத்துக்கு முழுப் பதில் இல்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். பாதிப் பதில்கள் உண்டு. லோக்நீதி களப்பணியாளர்கள் யாருக்கு ஓட்டு என்று வாய்விட்டுக் கேட்பதற்குப் பதிலாக, சின்னங்கள் அச்சிட்ட போலி வாக்குச்சீட்டைக் கொடுத்து, மடித்துப் பெட்டியில் போடச் சொல்கிறார்கள். 1965-இல் வார்னர் சொன்ன தற்செயல் விடை முறையில், கேள்வி எது என்பதைப் பதில் சொல்பவர் கையில் இருக்கும் கருவியே தேர்ந்தெடுக்கும். பேட்டி எடுப்பவருக்கு அது தெரியாது. இரண்டு முறைகளின் உள்நோக்கமும் ஒன்றே: தனி ஆளை அறியாமல் தொகையை அறிவது. மனப்பான்மைக் கேள்விகளில் வேறொரு சிக்கல் இருக்கிறது. அரசு நன்றாக நடக்கிறது என்பதால் ஒருவர் ஆளுங்கட்சிக்கு ஓட்டளித்தாரா, ஓட்டளித்துவிட்டதால் அரசு நன்றாக நடக்கிறது என்கிறாரா? இரண்டையும் ஒரே பேட்டியில் கேட்டுவிட்டு, கெழு பெரிதாக இருக்கிறது என்பதால் அதைக் காரணம் என்று எழுதும் கட்டுரைகள் நம் பல்கலைக்கழகங்களில் குறைவில்லை.

பலமுனைப் போட்டி வந்தால் மக்ஃபாடனின் மாதிரிக்கு உள்ள ஒரு பலவீனம் வெளிப்படும். புதிதாக ஒரு தேர்வு வந்து சேர்ந்தால், ஏற்கெனவே உள்ளவற்றிலிருந்து அவற்றின் அளவுக்கேற்பச் சமவிகிதத்தில் அது பங்கை எடுத்துக்கொள்ளும் என்று அந்த மாதிரி வைத்துக்கொள்கிறது. மதுரை புதுக்கட்சிகளுக்கு ராசியான ஊர் என்ற நம்பிக்கை நடிகர்களுக்கு உண்டு. விஜயகாந்த் 2005 செப்டம்பரிலும், கமல்ஹாசன் 2018 பிப்ரவரியிலும் இங்கேதான் கட்சி தொடங்கினார்கள். விஜயகாந்தின் தே.மு.தி.க. 2006-இல் தனித்து நின்று 8 சதவீதத்துக்கும் சற்று மேலாக ஓட்டு வாங்கியது. அது எல்லாக் கட்சிகளிடமிருந்தும் சமவிகிதத்தில் எடுத்ததா, இரண்டு கழகங்களையும் வேண்டாமென்றவர்களிடமிருந்து எடுத்ததா என்பதை, அந்த அனுமானத்தைத் தளர்த்தாமல் எவ்வளவு தரவு சேர்த்தாலும் கண்டறிய முடியாது.

இன்று கணினித் துறையிலிருந்து வரும் ஆட்சேபம் வேறு தொனியில் இருக்கிறது. நூறு மாறிகளைத் தானே கோத்துக்கொள்ளும் வகைப்படுத்து நிரல்கள் இருக்கும்போது 1958-இன் கருவி எதற்கு என்கிறார்கள். துல்லியம் 70 சதவீதத்துக்கு மேல் என்றும் சொல்கிறார்கள். ஒரு தொகுதியில் 100-க்கு 72 பேர் ஓட்டுப் போடுவதாக வைத்துக்கொள்வோம். யாரைப் பற்றியும் எதுவும் தெரியாமல் 'எல்லோரும் ஓட்டுப் போடுவார்கள்' என்று சொல்லும் சோம்பேறி நிரலின் துல்லியம் 72 சதவீதம். ஓட்டுப் போடாத 28 பேரில் ஒருவரைக்கூட அது கண்டுபிடித்திருக்காது. தேர்தல் அலுவலருக்குத் தேவைப்படுவதோ அந்த 28 பேர்தான். துல்லியம் என்ற ஒற்றை எண்ணைவிட, 0.3 என்று சொன்ன ஆட்களில் உண்மையிலேயே பத்தில் மூன்று பேர் அப்படி நடந்தார்களா என்று சோதிப்பது நேர்மையான தேர்வு. அந்தத் தேர்வில் பழைய லாஜிஸ்டிக் முறை புதிய நிரல்களுக்குச் சளைத்ததன்று. கெழுவை எடுத்துப் படித்து, இது நம்பத்தக்கதா என்று விளாங்குடிக்காரர் ஒருவரோடு வாதாடவும் அது இடம் தருகிறது.

ஊரளவுக்கு இறங்கினால் தரவுப் பஞ்சம் தொடங்குகிறது. 2019 தேசியத் தேர்தல் ஆய்வில் 24 ஆயிரத்துக்கு மேற்பட்டோரைப் பேட்டி கண்டார்கள். நாடு முழுமைக்கும் அது நல்ல மாதிரி. மதுரை மேற்குத் தொகுதியில் உள்ள விளாங்குடியைப் பற்றிப் பேச அதில் சிலர்கூடத் தேறமாட்டார்கள். ஆளில்லாத இடத்தை அமெரிக்காவில் கெல்மனும் பிறரும் 1997-லிருந்து வளர்த்த பல்நிலைத் தொடர்புப்போக்கு ஓரளவு நிரப்புகிறது. மாநிலம் முழுதிலிருந்தும் கிடைக்கும் லாஜிஸ்டிக் நிகழ்தகவுகளை எடுத்து, அந்த ஊரில் எந்த வயது, கல்வி, தொழில் பிரிவில் எத்தனை பேர் இருக்கிறார்களோ அந்த எடையில் கூட்டுவது அதன் வழி. 2017-இல் பிரிட்டனில் யாருக்கும் பெரும்பான்மை கிடைக்காது என்று இம்முறையால் முன்கூட்டியே சொன்னார்கள். இங்கே அந்த எடைகள் எங்கே? கடைசி மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2011-இல் நடந்தது. அப்போது விளாங்குடி பேரூராட்சி. அதே ஆண்டு மாநகராட்சி 100 வார்டுகளாக விரிந்தபோது அதில் கரைந்தது. திண்டுக்கல் சாலையில் பாத்திமா கல்லூரியைச் சுற்றி அதற்குப் பிறகு எழுந்த வீடுகளும் குடிவந்தவர்களும் எந்தக் கணக்கிலும் இல்லை. முழுமையான சாதிவாரி எண்ணிக்கைக்கு 1931-க்குப் போக வேண்டும். 2027 கணக்கெடுப்பில் சாதியும் சேரும் என்று அறிவித்திருக்கிறார்கள்; சாதி, கல்வி, தொழில் மூன்றையும் குறுக்கே வைத்து வார்டு அளவில் வெளியிடுவார்களா என்பதைப் பொறுத்துத்தான் அதன் பயன்.

இதற்கு மாற்றாகப் பலரும் நாடுவது படிவம் 20-ஐ. ஒவ்வொரு வாக்குச்சாவடியிலும் எந்த வேட்பாளருக்கு எத்தனை ஓட்டு என்று அதில் பொதுவெளியில் இருக்கிறது. வாக்குச்சீட்டுக் காலத்தில் பல சாவடிகளின் சீட்டுகளைக் கலந்து எண்ண வழியிருந்தது. 2001 சட்டமன்றத் தேர்தல் முதல் தமிழ்நாட்டில் எல்லாத் தொகுதிகளிலும் மின்னணு இயந்திரம் வந்தபின், சாவடிக்குச் சாவடி முடிவு தெரிகிறது. இந்தச் சாவடியில் இன்ன சாதி அதிகம், இன்ன கட்சி முன்னிலை, ஆகவே அந்தச் சாதி அந்தக் கட்சிக்கு என்று முடிவுகட்டுவது இதனால் எளிதாகிவிட்டது. 1950-இலேயே ராபின்சன் இந்தத் தாவலைத் தவறென்று எண்களால் நிறுவியிருக்கிறார். அமெரிக்க மாநிலங்களை ஒப்பிட்டால், வெளிநாட்டில் பிறந்தோர் அதிகமுள்ள இடங்களில் எழுத்தறிவும் அதிகம். ஆட்களை ஒப்பிட்டால் உறவு தலைகீழ். அவர்கள் எழுத்தறிவு மிகுந்த மாநிலங்களில் குடியேறியிருந்தார்கள், அவ்வளவே. கலவையாக மக்கள் வாழும் விளாங்குடி போன்ற நகர விளிம்பில் இந்தத் தவறுக்கு இன்னும் இடம் அதிகம். ஆய்வுத் தவறு என்பதோடு இது நிற்பதில்லை. 'உங்க பூத்துல நமக்கு ஓட்டு விழலையே' என்று வென்றவர் சொல்லும்போது, குடிநீர்க் குழாயும் சாலையும் அந்தக் கணக்கில் சிக்கிக்கொள்கின்றன. 14 இயந்திரங்கள் வரை இணைத்து மொத்தமாக எண்ணும் கூட்டெண்ணி முறையைக் கொண்டுவரச் சட்ட ஆணையம் தன் 255-ஆம் அறிக்கையில் 2015-இல் பரிந்துரைத்தது. அது நடைமுறைக்கு வரவில்லை. வந்தால் படிவம் 20-ஐ நம்பி எழுதும் ஆய்வுகளில் பாதி முடங்கிப்போகும், அந்த நஷ்டத்தை ஆய்வாளர்கள் ஏற்க வேண்டும் என்றே நினைக்கிறேன். வீடேறிப் போய், போலி வாக்குச்சீட்டை நீட்டி, பெயர் எழுதாமல் வாங்கி வரும் மாதிரித் தரவில் லாஜிஸ்டிக் முறை செய்யும் வேலைக்குச் சாவடிவாரி முடிவு தேவையே இல்லை.